சார்டீனியா கடற்கரைகள்: ஓல்பியாவிலேயே 7 நாள் தங்கினால் போதுமா?

உப்புமூட்டை · மே 3, இரவு 9.12

ஜூலை கடைசி வாரம், இத்தாலியோட சார்டீனியா தீவுல 7 நாள், நாலு பேர். அதுல ரெண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. வடகிழக்குல இருக்கிற ஓல்பியாவுல இறங்கி அங்கேயே ரூம் போட்டு, தினம் ஒரு பீச்னு கார்ல போயிட்டு வர்றதா திட்டம். லிஸ்ட்: லா பெலோசா, கலா கொலொரிட்சே, இளஞ்சிவப்பு மணல் பீச், அரிசி மணல் பீச், மணல்மேடு பீச். போட்டோவுல பார்த்தா எல்லாம் ஒரே நீலம்தான். எந்த நாள் எதுக்குப் போறதுன்னு பெரிசா யோசிக்க ஒண்ணுமில்லைன்னு தோணுது. தப்புன்னா சொல்லுங்க.

கச்சான்காற்று · மே 3, இரவு 10.40

தப்பு. மூன்று இடத்தில் தப்பு.

ஒன்று, தூரம். வரைபடத்தில் கைக்கடக்கமாகத் தெரியும் தீவு 24,000 சதுர கிலோமீட்டர். மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அடுத்துப் பெரியது இதுதான். சுங்கம் வாங்கும் அதிவேகச் சாலை ஒன்றுகூடக் கிடையாது. ஓல்பியாவிலிருந்து லா பெலோசாவுக்கு சுமார் 2 மணி நேரம். கொலொரிட்சே நடைபாதை தொடங்கும் இடத்துக்கு இரண்டரை. மணல்மேடு என்று நீங்கள் சொல்வது பிஷினாஸ் என்றால், போக மட்டும் 3 மணிக்கு மேல். திரும்பி வரும்போது மலை வளைவில் ஓட்டுநர் கண் சொருகும்.

இரண்டு, அந்த இளஞ்சிவப்பு கடற்கரையில் கால் வைக்க முடியாது. கீழே தனியாக எழுதுகிறேன்.

மூன்று, இதுதான் முக்கியம்: அங்கே கடற்கரையை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, காற்று தேர்ந்தெடுக்கும். முதல் நாள் இரவு காற்று முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் போகும் திசையை முடிவு செய்ய வேண்டும்.

கச்சான்காற்று · மே 3, இரவு 11.05

காற்றுக் கணக்கு, சுருக்கமாக.

மாயெஸ்த்ராலே: வடமேற்கிலிருந்து வருவது, தீவின் ராஜா. வந்தால் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்துவிடும். மேற்குக் கரை முழுக்க அலை கொந்தளிக்கும். அலைச்சறுக்குக்காரர்களுக்குக் கொண்டாட்டம், குளிக்கப் போனவர்களுக்குத் திண்டாட்டம். அன்று கிழக்கே போங்கள்: ஒரோசெய் வளைகுடா, சான் தியோதோரோ, வில்லாசிமியுஸ்.

ஷிரோக்கோ: தென்கிழக்கிலிருந்து. வெக்கையும் ஈரமும் சேர்ந்து வரும், சில நாள் ஆப்பிரிக்கத் தூசியும். கிழக்கும் தெற்கும் கலங்கும். அன்று மேற்கே போங்கள்: இஸ் அருட்டாஸ் (உங்கள் அரிசி மணல் பீச்), போசா, அல்கேரோ.

லெவாந்தே: நேர் கிழக்கு, நம் கொண்டல் மாதிரி. இதற்கும் மேற்குதான்.

காற்று நின்ற அன்றே கடல் அடங்கிவிடும் என்று நம்பாதீர்கள். உருண்டு வரும் அலை இன்னும் ஒரு நாள் இழுக்கும்.

உப்புமூட்டை · மே 4, காலை 7.30

அப்போ மாயெஸ்த்ராலே அடிச்சா லா பெலோசாவுக்கு டாட்டாவா? அது வடமேற்கு மூலையில்ல இருக்கு.

நண்டுவளை · மே 4, காலை 8.15

கச்சான் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. லா பெலோசா இருப்பது வடமேற்கு முனையில்தான், ஆனால் முகம் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. முதுகில் கப்போ ஃபல்கோனே பாறை, எதிரே இசோலா பியானா, அதற்கும் அப்பால் அசினாரா தீவு. மேற்கிலிருந்து வரும் அலையை இந்த மூன்றும் வாங்கிக்கொள்ளும். வெளிக்கரையில் ஆள் உயர அலை அடிக்கும் நாளில்கூட இங்கே தண்ணீர் தட்டு மாதிரி கிடக்கும். மணல் பறந்து கண்ணில் அடிக்கும், அவ்வளவுதான்.

திசையை மட்டும் பார்க்காதீர்கள். கடற்கரை எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே முனையின் இரண்டு பக்கமும் இரண்டு உலகமாக இருக்கும்.

கச்சான்காற்று · மே 4, காலை 9.50

ஒப்புக்கொள்கிறேன். "மேற்குக் கரை முழுக்க" என்று எழுதியது அவசரம்.

என் கணக்குக்கு நானே இன்னொரு திருத்தமும் போட வேண்டும். மாயெஸ்த்ராலே நாளில் கிழக்கே கடல் அமைதி என்பது கரையோரத்துக்கு மட்டும். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால்தான் அந்த அமைதி. காற்றடைத்த மெத்தை, பிளாஸ்டிக் முதலை, துடுப்புப் பலகை எதையாவது எடுத்துக்கொண்டு இறங்கினால் பத்து நிமிடத்தில் 200 மீட்டர் வெளியே போயிருப்பீர்கள். துடுப்புப் போட்டுத் திரும்ப முடியாது. நீச்சல் தெரியாத இருவர் என்றீர்கள், அதனால்தான் சொல்கிறேன்: கரைக்காற்று நாளில் மிதவைச் சாமான் எதுவும் வேண்டாம். அவசரத்துக்கு 112. இத்தாலியக் கடலோரக் காவலுக்கு 1530.

கச்சான்காற்று · மே 4, காலை 10.20

நீச்சல் தெரியாதவர்களுக்கு இன்னொரு சூத்திரம். கரையில் நின்று ஒரு பிடி மணலைக் கையில் எடுங்கள்.

மாவு மாதிரி இருந்தால் கடலடி மெல்லத்தான் சரியும், இடுப்பளவு வர வெகுதூரம் நடக்க வேண்டும். அரிசி மாதிரியோ கூழாங்கல்லோ என்றால் நாலைந்து அடியில் ஆழம். காரணம் எளிது. பருமணலில் ஏறும் அலைத் தண்ணீர் இடுக்குகளில் இறங்கிவிடும், திரும்பி ஓடும் நீருக்கு வலு இருக்காது. மேலே கொண்டுவந்த கல்லைக் கீழே இழுத்துப் போக ஆளில்லை, கரை செங்குத்தாகக் குவியும். நுண்மணலில் நீர் இறங்காமல் அப்படியே வழிந்து ஓடி, எல்லாவற்றையும் சமமாக வாரிவிடும்.

ஆக லா பெலோசா, கலா பிராந்திங்கி, சான் தியோதோரோவின் லா சின்தா: உங்கள் இருவருக்கும் நல்லது. இஸ் அருட்டாஸ், கலா மரியொலு, கொலொரிட்சே: கரையோரத்தில் உட்கார்ந்து காலை நனைப்பதோடு சரி. எல்லாம் ஒரே நீலம் என்றீர்களே, கால் வைக்கும் இடத்தில் அது தெரிந்துவிடும்.

உப்புமூட்டை · மே 4, மதியம் 1.02

மணலைப் பார்த்து ஜோசியம். நல்லா இருக்கு. கொலொரிட்சேவுக்குப் படகுல போனா நடக்க வேண்டாமே?

நண்டுவளை · மே 4, மதியம் 1.40

படகு அங்கே கரை தட்டாது. மிதவைக் கோட்டுக்கு வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இறங்க வேண்டுமானால் நடை.

நடை கணக்கு: பவுனேய் ஊரிலிருந்து மேலே கொல்கோ பீடபூமி, அங்கே சு போர்த்தெத்து என்ற இடத்தில் வண்டி நிறுத்தம். அங்கிருந்து சுமார் மூன்றரை கிலோமீட்டர், 450 மீட்டருக்கும் மேல் இறக்கம். இறங்க ஒன்றேகால் மணி நேரம். ஏற ஒன்றரை முதல் 2 மணி நேரம், அதுவும் வெயில் சூட்டைக் கக்கும் சுண்ணாம்புப் பாறை மேல். நாளுக்கு 250 பேர் என்று வரம்பு, முன்பதிவு கட்டாயம், ஆளுக்கு 6, 7 யூரோ. 2025-இல் உலகின் சிறந்த 50 கடற்கரைகள் பட்டியலில் முதலிடம் கொடுத்துவிட்டார்கள், அதனால் ஜூலைக்கு இடம் கிடைப்பது இன்னும் கடினம்.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். கீழே கடை இல்லை, குழாய் இல்லை. செருப்போடு இறங்குபவர்கள் பாதி வழியில் வார் அறுந்து நிற்பது வழக்கமான காட்சி. மூடிய ஷூ போடுங்கள். காலை 8 மணிக்கு முன்பே இறங்கத் தொடங்குங்கள். கொலொரிட்சே இருக்கும் ஒரோசெய் வளைகுடா முழுக்கக் கிழக்குப் பார்த்தது, பின்னால் மதில் மாதிரி மலை. பிற்பகல் 4 மணி சுமாருக்குக் கரை நிழலில் விழுந்துவிடும். 11 மணிக்குக் கிளம்புபவர்களுக்கு நீல நிறமும் பாதிதான்.

அந்தக் கரையே 1962-இல் மலை சரிந்து உண்டானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் ஊசி மாதிரி நிற்கும் பாறையின் உயரம் 143 மீட்டர்.

கச்சான்காற்று · மே 4, மாலை 6.15

நடக்க முடியாதவர்களுக்கு அதே வளைகுடாவில் படகு இறக்கிவிடும் கரைகள் உண்டு: கலா லூனா, கலா சிசினே, கலா மரியொலு. கலா கொனோனே, சாந்தா மரியா நவர்ரேசே, அர்பத்தாக்ஸ் மூன்று துறையிலிருந்தும் படகு கிளம்பும்.

பெரிய படகு மலிவு, ஆனால் எல்லாரையும் ஒரே நேரத்தில் இறக்கி ஒரே நேரத்தில் ஏற்றும். 12 பேர் ரப்பர் படகு விலை கூடுதல், குகைக்குள்ளும் நுழையும். 40 குதிரைத்திறன் வரையிலான படகை உரிமம் இல்லாமலே வாடகைக்குத் தருவார்கள். அதில் கவனிக்க வேண்டியவை: எரிபொருள் காசு தனி, முன்பணம் தனி, நங்கூரத்தை மணல் திட்டில் மட்டும் போட வேண்டும். கீழே கறுப்பாகத் தெரிந்தால் அது கடற்புல், அங்கே போடக் கூடாது. கடல் கொஞ்சம் சிலிர்த்தாலும் அன்று உரிமமில்லாப் படகு கொடுக்க மாட்டார்கள். கெஞ்ச வேண்டாம், அவர்கள் சொல்வது சரி.

மரியொலு என்றால் திருடன். மீனவர் வலையில் மீனைத் திருடித் தின்ற துறவிச் சீல் என்ற கடல்நாய்க்கு வைத்த பெயர் என்பார்கள். பக்கத்துக் குகைக்கும் அதன் பெயர்தான்: புவே மரினோ, கடல் எருது. திருடனைத் துரத்திவிட்டு இடத்துக்கு அவன் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

தயிர்சாதம் · மே 4, இரவு 8.33

நடுவில் வருகிறேன். சைவத்துக்கு ஏதாவது கிடைக்குமா, இல்லை ஏழு நாளும் பிட்சாவா?

கச்சான்காற்று · மே 4, இரவு 9.10

குலுர்ஜோனெஸ் கேளுங்கள். உருளைக்கிழங்கு, ஆட்டுப்பால் சீஸ், புதினா வைத்துக் கதிர் மாதிரிப் பின்னிய கொழுக்கட்டை, மேலே தக்காளிச் சாறு. கொலொரிட்சே இருக்கும் ஒலியாஸ்த்ரா பகுதியில்தான் ருசி. அப்பளம் மாதிரியான பானே கராசாவு ரொட்டி எல்லாக் கடையிலும் உண்டு. பையில் நாலு நாள் கெடாது, கடற்கரைக்கு ரொம்பத் தோது. கடும் சைவம் என்றால் ஒன்று: பெக்கொரினோ என்ற அந்த ஆட்டுப்பால் சீஸை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாறு சேர்ப்பார்கள். சமையலறை பிற்பகல் 3-க்கு மூடினால் இரவு 7-க்கு மேல்தான் திறக்கும். கடலிலிருந்து 4 மணிக்குப் பசியோடு ஏறி வருபவர்களுக்குக் கதவு மட்டும்தான் தெரியும்.

கச்சான்காற்று · மே 5, காலை 6.50

இளஞ்சிவப்பு விஷயம். புடெல்லி தீவின் ஸ்பியாஜ்ஜா ரோசா. மினியாசினா மினியாசியா என்ற நுண்ணுயிரி கடற்புல் திட்டில் வளர்கிறது. அது செத்ததும் சிவந்த ஓடு உடைந்து மணலோடு ஒதுங்குகிறது, அதுதான் நிறம். ஒவ்வொருவரும் ஒரு பிடி என்று அள்ளிப் போனதில் நிறமே வெளுத்துப்போய், 1990-களிலேயே தடை போட்டார்கள். மணலிலும் நடக்கக் கூடாது, முன்னால் இருக்கும் தண்ணீரிலும் நீந்தக் கூடாது. வடகிழக்கே பலாவு அல்லது லா மத்தலேனாவிலிருந்து சுற்றுப் படகில் போய் எட்டி நின்று பார்க்கலாம். இணையத்தில் பார்க்கிற அடர் ரோஜா நிறம் பெரும்பாலும் கைப்பேசியின் கைவண்ணம்.

பார்ப்பதற்காக மட்டும் ஒரு நாளைச் செலவிட வேண்டாம். ஆனால் அந்தப் படகு வழியில் இறக்கிவிடும் மற்ற கிரானைட் பாறைக் குடாக்கள் அந்த நாளை ஈடுகட்டிவிடும்.

நண்டுவளை · மே 5, காலை 7.45

அள்ளுவது பற்றி எடுத்ததால்: இஸ் அருட்டாஸின் அரிசி மணலையும் தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். 2017 வட்டாரச் சட்டப்படி மணல், கல், சங்கு எதை எடுத்தாலும் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். 2019-இல் தெற்குக் கரையின் கீயாவிலிருந்து 14 பிளாஸ்டிக் பாட்டிலில் சுமார் 40 கிலோ அள்ளிப்போன பிரெஞ்சு ஜோடியை போர்த்தோ தொர்ரேஸ் துறையில் பிடித்தார்கள், அது குற்ற வழக்காகவே போனது. விமான நிலைய ஸ்கேனரில் மணல் பொட்டலம் பளிச்சென்று தெரியும். ஷூவுக்குள் தங்கியது குற்றமில்லை, பயப்பட வேண்டாம்.

உப்புமூட்டை · மே 5, காலை 9.20

சரி. லா பெலோசாவுல துண்டு விரிக்கக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்க. கலாய்க்கிறாங்களா?

கச்சான்காற்று · மே 5, காலை 9.41

இல்லை, உண்மை. ஈரத் துண்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நுண்மணலை ஒட்டிக்கொண்டு போகிறது. அதனால் துண்டுக்குக் கீழே பாய் கட்டாயம். கோரைப்பாய் ரகம் போதும், பக்கத்து ஊர் ஸ்டின்டினோ கடைகளில் விற்பார்கள். கோடையில் நாளுக்கு 1,500 பேர், ஆளுக்கு மூன்றரை யூரோ, 12 வயதுக்குக் கீழே இலவசம், முன்பதிவு இணையத்தில். வண்டி நிறுத்தக் காசு இதில் சேராது.

மற்ற இடங்களுக்கும் பொதுவாக ஒன்று. கடற்கரையில் தண்ணீர் ஓரம் 5 மீட்டர் நடைபாதை. அங்கே குடை நடக் கூடாது. விடியற்காலையில் குடையை நட்டு இடம் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் கடலோரக் காவலர் குடையை எடுத்துப் போய்விடுவார்கள். பஸ்ஸில் கைக்குட்டை போடும் வித்தை இங்கே செல்லாது.

தயிர்சாதம் · மே 5, மதியம் 12.15

அல்கேரோ கடற்கரை படங்களில் கரையெல்லாம் பழுப்புக் குப்பை குவிந்திருக்கிறதே, அதை அள்ள ஆளில்லையா?

நண்டுவளை · மே 5, மதியம் 12.50

குப்பை இல்லை. போசிடோனியா. பாசியும் இல்லை, பூத்துக் காய்க்கும் செடி, கடலுக்கடியில் புல்வெளியாக வளர்வது. உதிர்ந்த இலை குளிர்காலப் புயலில் கரையில் மெத்தையாக ஒதுங்கும். அந்த மெத்தைதான் அலை மணலை அரித்துப் போகாமல் தடுக்கிறது. வெளியே வாரிப் போட்டால் இலையோடு மணலும் போகும். அழுகும்போது நாற்றம் அடிக்கும், மறுக்கவில்லை. நாரெல்லாம் சேர்ந்து கடல் உருட்டிய பழுப்புப் பந்துகளும் கிடக்கும், குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான்.

தண்ணீர் கண்ணாடியாக இருப்பதில் இந்தப் புல்லுக்கும் பெரிய பங்கு. நீலத்துக்கு நடுவே கறுப்புத் திட்டு தெரிந்தால் அது இதுதான், பள்ளம் என்று அலற வேண்டாம்.

கச்சான்காற்று · மே 5, மாலை 5.30

பிஷினாஸ் போயே ஆக வேண்டும் என்றால்: மணல்மேடு 60 மீட்டர் வரை என்று சொல்வார்கள், பின்னால் கைவிட்ட சுரங்க ஊர் இங்குர்த்தோசு. கடைசி சில கிலோமீட்டர் மண் சாலை, குழியும் கல்லும். வாடகைக் கார் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் இல்லாத சாலையில் டயருக்கும் அடித்தட்டுக்கும் காப்பீடு செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். 20 கிலோமீட்டர் வேகம், அவ்வளவுதான். மணலில் வண்டியை நிறுத்த வேண்டாம், கெட்டித் தரையில் விடுங்கள். அங்கே செந்நிறமாக ஒரு ஓடை ஓடும். அழகாக இருக்கிறது என்று குழந்தையை இறக்கிவிடாதீர்கள், சுரங்கக் கழிவின் நிறம் அது. மேற்குப் பார்த்த திறந்த கரை என்பதால் மாயெஸ்த்ராலே நாளில் உள்ளிழுப்பும் பலமாக இருக்கும்.

கச்சான்காற்று · மே 5, மாலை 5.52

கார் பற்றி விட்டுப்போனவை. இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். முன்பணத்துக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு. டெபிட் கார்டைப் பல கவுண்டரில் ஏற்க மாட்டார்கள். நிறுத்தத்தில் நீலக் கோடு என்றால் காசு, வெள்ளை இலவசம், மஞ்சள் உங்களுக்கில்லை. ஞாயிறும் மதியமும் பெட்ரோல் பங்கில் ஆளிருக்காது. இயந்திரத்தில் கார்டு தேய்த்தால் 100 யூரோ சுமார் பிடித்து வைத்துவிட்டுப் பிறகு விடுவிக்கும். கணக்கில் அந்த இடைவெளி இருக்கட்டும்.

காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், சூடான புகைக்குழாய் போதும் தீப்பற்ற. 2025 ஜூலையில் புந்தா மொலெந்திஸ் கடற்கரையில் தீ வந்து ஆட்களைக் கடல் வழியாக வெளியேற்றினார்கள். ஒற்றை வழிக் கடற்கரை என்றால் வண்டியை வெளியேறும் பக்கம் பார்த்து நிறுத்துங்கள்.

உப்புமூட்டை · மே 6, காலை 8.05

ரூமை மாத்திட்டேன். 4 ராத்திரி கலா கொனோனே, 3 ராத்திரி தெற்கே கால்யாரி. பிஷினாஸ் வேண்டாம்னு முடிவு. சரியா?

நண்டுவளை · மே 6, காலை 8.40

சரி. அப்படியென்றால் லா பெலோசாவும் லிஸ்டிலிருந்து விழுகிறது, அதற்காக அழ வேண்டாம். ஆழமில்லாத நுண்மணலுக்கு கீயாவின் சு ஜுதேயுவும் வில்லாசிமியுஸின் போர்த்தோ ஜுன்கோவும் இருக்கின்றன, இரண்டுமே கால்யாரியிலிருந்து ஒரு மணி நேரம் சுமார். பின்னால் உப்பங்கழி, பூநாரைக்கூட்டம்.

கார் வேண்டாம் என்று தோன்றும் நாளில் கால்யாரி நகரத்துப் பஸ்ஸிலேயே போயெத்தோ கடற்கரை. பி.எஃப்., பி.க்யூ. என்ற இரண்டு பஸ்ஸும் போகும். சுமார் 8 கிலோமீட்டர் நீளம். பழைய வெண்மணல் 2002-இல் போயிற்று: அரிப்பை ஈடுகட்ட ஆழ்கடலிலிருந்து இறைத்துக் கொட்டியது கறுத்த பருமணல், ஊரே கொதித்தது. கையில் எடுத்துப் பாருங்கள், மேலே சொன்ன ஜோசியத்துக்கு நல்ல பயிற்சி.

கச்சான்காற்று · மே 6, காலை 9.25

ஜூலை என்பதால் கொட்டுபவை இரண்டு. ஊதா நிற ஜெல்லிமீன்: கடல் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள், நல்ல தண்ணீர் பட்டால் ஒட்டியிருக்கும் கொட்டிகள் இன்னும் வெடிக்கும். தேய்க்காமல் கார்டு விளிம்பால் வழித்தெடுங்கள். வினிகர் இதற்கு வேண்டாம். மணலில் புதைந்து கிடக்கும் த்ராச்சினா மீன் முள் குத்தினால் நேர்மாறு: பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் அரை மணி நேரத்துக்கு மேல் காலை வைக்க வேண்டும், அந்த நஞ்சு சூட்டில் அடங்கும். ரப்பர் கடல் செருப்பு இரண்டாவதைத் தவிர்க்கும்.

உப்புமூட்டை · மே 6, இரவு 9.48

கடைசி கேள்வி. கொலொரிட்சேவுக்கு டிக்கெட் எடுத்த நாள்ல லெவாந்தே அடிச்சா?

கச்சான்காற்று · மே 6, இரவு 10.03

ஆறேழு யூரோ போனால் போகட்டும். மலையில் நடந்து இறங்கிக் கலங்கிய கடலைப் பார்த்துவிட்டு ஏறுவதற்குப் பதில், மேற்கே சுமார் இரண்டு மணி நேரம் ஓட்டினால் இஸ் அருட்டாஸில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். நால்வருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டாம், நீச்சல் தெரிந்த இருவருக்கு மட்டும் எடுங்கள். காற்று அடிக்காமல் அவர்கள் நடை போகும் நாளில் மற்ற இருவருக்கும் படகில் கலா லூனா.

உப்புமூட்டை · மே 6, இரவு 10.11

அந்த ரெண்டு பேர்ல நானும் ஒருத்தன்.

நண்டுவளை · மே 6, இரவு 10.15

அப்போ பாயை நீங்கள் தூக்குங்கள், கலா லூனாவில் நடை குறைவு.